கவிதைக்குள் ஊர் எப்படி வருகிறது?

காட்பாடியில் கல்லூரிக்குப் போகும் என் அக்கா மகள் போன மாதம் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். தமிழ்ப் பாடத்துக்கு எழுதித் தர வேண்டிய கட்டுரை. 'தற்காலக் கவிஞர் ஒருவரின் படைப்பில் அடையாளம், இடம், உணர்வு முதிர்ச்சி' என்று தலைப்பு. கூடவே அதே பொருளில் சொந்தமாக ஒரு கவிதையும் எழுத வேண்டுமாம்.

"இன்னா மாமா இது? தனித்தனியா புரியுது, சேத்துப் படிச்சா ஒண்ணும் புரியல."

அவள் சொன்னதில் தப்பில்லை. கருத்தரங்க அழைப்பிதழ்களில் அடிபட்டு அடிபட்டு இந்தச் சொற்களுக்கு ஒரு வழவழப்பு வந்துவிட்டது, கையில் நிற்பதில்லை. ஆனால் இவை மூன்றும் சேர்ந்து கேட்பது, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஏறி உட்கார்ந்ததும் கேட்கும் கேள்வியைத்தான்: "எந்த ஊரு?"

அந்தக் கேள்விக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம் என்று கவனித்துப் பாருங்கள். சென்னையில் கேட்டால் 'வேலூர்' என்போம். வேலூரில் கேட்டால் 'குடியாத்தம் பக்கம்'. குடியாத்தத்தில் கேட்டால் கிராமத்தின் பெயர். கிராமத்துக்காரரே கேட்டால், "எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கடைசிக் கேள்வி தெருவைப் பற்றியது அல்ல என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். முதல் மூன்று பதில்களை உரக்கச் சொன்னவர் நான்காவதைக் கொஞ்சம் குரல் தாழ்த்திச் சொல்லலாம், அல்லது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். ஆள் ஒருவர்தான். கேட்பது யார், எங்கே நின்று கேட்கிறார் என்பதைப் பொறுத்து அவருடைய ஊர் மாறுகிறது, அவரும் மாறுகிறார். அடையாளம் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது இன்னும் வேடிக்கையாக அமைந்துவிட்டது. ஆம்பூரில் பிறந்து, வீடே மாறாமல் அறுபது வயதைத் தொட்ட ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடச் சான்றிதழில் அவர் வட ஆற்காடு மாவட்டம். 1989இல் மாவட்டம் இரண்டானபோது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அப்புறம் வேலூர் மாவட்டம். 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்தபோது திருப்பத்தூர் மாவட்டம். திண்ணையை விட்டு இறங்காமலே நான்கு முகவரி பார்த்தவர் அவர். 'நீங்க வேலூர்தானே?' என்றால் என்ன சொல்வார்? ஒரு நொடி யோசிப்பார். கவிதை எழுதுகிற ஆள் என்றால், அந்த ஒரு நொடியை விடமாட்டார்.

சரி, இடம். வேலூரைப் பற்றிப் பெரியவர்கள் கேலியாகச் சொல்லும் வழக்கு ஒன்று உண்டு. ஆளுக்கு ஒரு மாதிரி கூட்டிக் குறைத்துச் சொல்வார்கள். நான் கேட்டு வளர்ந்தது இது: மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். யார் கட்டினார்களோ தெரியாது, ஆனால் கவிதை தெரிந்த ஆள். ஓர் ஊரை அதில் இருப்பதைக் கொண்டு சொல்லாமல், இல்லாததைக் கொண்டே சொல்லிவிட்டார். இதைக் கேட்டதும் வெளியூர்க்காரர் சிரிப்பார். உள்ளூர்க்காரரும் சிரிப்பார், ஆனால் அவர் சிரிப்பில் கொஞ்சம் வெயில் இருக்கும்.

இந்தக் கேலி அப்படியே நிற்கவில்லை என்பதும் முக்கியம். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் பல தலைமுறைகளாகச் சாமியில்லாமல் கிடந்தது. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981இல் அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குச் 'சாமியில்லாத கோயில்' என்றால் என்னவென்றே விளங்குவதில்லை, பிரதோஷக் கூட்டத்தில் நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது? வரி அப்படியே இருக்கிறது, ஊர் நகர்ந்துவிட்டது. ஆற்றின் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

இடத்தையும் மனத்தையும் சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிது அல்ல. தொல்காப்பியம் அகப்பாட்டுக்கு மூன்று பொருள் சொல்கிறது: முதல், கரு, உரி. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்த நிலத்தில் புழங்குவது: தெய்வம், உணவு, மரம், விலங்கு, பறவை, செய்யும் தொழில், அடிக்கும் பறை. உரிப்பொருள் என்பது மனத்தில் நடப்பது: சேர்வது, பிரிவது, காத்திருப்பது, கலங்குவது, ஊடுவது. என் அக்கா மகளின் தாளில் இருந்த இடம், அடையாளம், உணர்வு என்ற மூன்றையும் ஏறத்தாழ இவற்றின் மேல் பொருத்திவிடலாம். அச்சு அசலாகப் பொருந்தாது, தமிழாசிரியர்கள் என்னை அடிக்க வரலாம். ஆனாலும் தொடங்குபவருக்கு இந்தப் பிடி போதும். பாட்டு என்று வரும்போது இம்மூன்றில் முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்தவை என்கிறார் தொல்காப்பியர். நிலத்தில் கால் ஊன்றித்தான் தொடங்க வேண்டும், ஆனால் போய்ச் சேர வேண்டியது மனத்துக்குள்.

பாலையைப் பற்றிச் சிலப்பதிகாரம் சொல்வதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். பாலை என்பது தனியாக ஒரு நிலமே இல்லையாம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் அதுவே பாலையாம். நிலமும் மாறும் என்பதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். மே மாதத்தில் காட்பாடி சாலையில் பாலாற்றைக் கடப்பவர்களுக்கு இதற்கு உரை தேவைப்படாது.

இனி ஒரு பாட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். புறநானூற்றில் 112ஆவது பாட்டு, பாரியின் மகள்கள் பாடியது. மூவேந்தரும் சேர்ந்து முற்றுகையிட்டு, பாரி இறந்து, மலை கைமாறிய பிறகு ஒரு நிலா நாளில் பாடியது. ஐந்தே வரி.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார் யாம் எந்தையும் இலமே

பொருள் எளிது. போன மாத நிலவில் எங்களுக்கு அப்பா இருந்தார், எங்கள் மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாத நிலவில் மன்னர்கள் மலையை எடுத்துக்கொண்டார்கள், அப்பாவும் இல்லை. அவ்வளவுதான்.

இதில் 'துக்கம்' என்ற சொல் எங்காவது இருக்கிறதா? இல்லை. பாரி என்ற பெயர் இல்லை. அவருடைய மலையான பறம்பின் பெயரும் இல்லை. நிலா அதேதான், வெண்மையும் அதேதான். 'அற்றை' 'இற்றை' ஆகியிருக்கிறது, 'அவ்' 'இவ்' ஆகியிருக்கிறது. ஓர் அகரம் இகரமாக மாறும் இடைவெளியில் ஒரு வாழ்க்கை முடிந்துவிட்டது. இன்னொன்றும் பாருங்கள். முதலில் அப்பா, அடுத்து குன்று என்று சொன்னவர்கள் இரண்டாம் தடவை வரிசையை மாற்றிவிடுகிறார்கள். குன்று முதலில், அப்பா கடைசியில். மலை போனதைச் சொல்லும்வரை குரல் நிற்கிறது. அப்பா இல்லை என்பதைச் சொன்னதும் பாட்டு நின்றுவிடுகிறது, அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

உணர்வு முதிர்ச்சி என்று அந்தத் தாளில் போட்டிருந்தது இதுதான். பலர் நினைப்பதுபோல அது 'சோகத்திலிருந்து மீண்டு வருவது' அல்ல. கவிதையில் யாரும் மீண்டு வரவேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ஒரே நிலாவை, ஒரே ஆற்றை, ஒரே வார்த்தையை இரண்டு வயதில் பார்க்கும்போது அது இரண்டாகத் தெரிவதே முதிர்ச்சி. ஒரு கவிஞரின் முதல் தொகுப்பையும் நான்காவது தொகுப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டிலும் திரும்பத் திரும்ப வரும் பொருள் எது என்று தேடுங்கள். கிணறோ, அம்மாவின் டப்பாவோ, ரயில் சத்தமோ ஏதாவது ஒன்று இருக்கும். அது முதலில் எப்படி இருந்தது, பின்னால் எப்படி ஆகிவிட்டது என்று பார்த்தால் பாதிக் கட்டுரை அங்கேயே கிடைத்துவிடும்.

யாப்பை விட்டு வெளியே வந்த புதுக்கவிதை, நிலத்தையும் மனத்தையும் சேர்த்துப் பார்க்கும் திணை என்ற அந்தப் பொதுக் கணக்கையும் விட்டுவிட்டது. 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழில் கவிதைகள் நிறைய வந்தன. அந்தக் காலத்துக் கவிதைகளில் பலவற்றுக்கு ஊர் கிடையாது. ஓர் அறை, ஒரு மனம், வெளியே ஏதோ ஒரு தெரு. நன்றாகத்தான் எழுதினார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் தெருவுக்குப் பெயரும் வாசனையும் சண்டையும் பெரிய அளவில் வந்தது 1990களில் தலித் கவிதைகளும், அதை ஒட்டிப் பெண்களின் கவிதைகளும் வந்த பிறகுதான் என்பது என் எண்ணம். நம் பக்கத்திலேயே பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவன், பழைய வட ஆற்காட்டு வந்தவாசியிலிருந்து எழுதும் அ. வெண்ணிலா என்று படிக்க ஆள் இருக்கிறார்கள். இருவரையும் கையில் எடுத்தால் ஒரே மாவட்டத்து மண் இரண்டு விதமாகப் பேசுவது தெரியும்.

இதில் 'எங்கள்' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழில் நாம் 'என் ஊர்' என்று சொல்வது அபூர்வம். ஒரே பிள்ளையாகப் பிறந்தவர்கூட 'எங்க வீடு', 'எங்க அப்பா' என்றுதான் சொல்வார். அதோடு நமக்கு இரண்டு பன்மை இருக்கிறது. 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. கவிதையில் 'நம் ஊர்' என்று எழுதினால் வாசகருக்குப் பாய் விரித்தாயிற்று. 'எங்கள் ஊர்' என்றால் அவரைத் திண்ணையில் உட்கார வைத்தாயிற்று. 'என் ஊர்' என்று எழுதினால், சொல்பவர் கூட்டத்தை விட்டு எழுந்து தனியாக நிற்கிறார் என்று அர்த்தம். பாரி மகளிர் 'யாம்', 'எம்' என்றார்கள். இரண்டும் கேட்பவரைச் சேர்க்காத பன்மை. அந்த நஷ்டத்தில் நமக்குப் பங்கில்லை, நாம் கேட்கத்தான் முடியும்.

'ஊர்' என்ற சொல்லும் அவ்வளவு சாது அல்ல. நம் கிராமங்களில் 'ஊருக்குள்ள' என்றால் ஒரு பகுதி, 'காலனி' என்றால் இன்னொரு பகுதி. காலனியில் பிறந்தவர் 'எங்கள் ஊர்' என்று எழுதும்போது, அந்தச் சொல் அவரை உள்ளே சேர்த்துக்கொள்கிறதா, வாசலில் நிறுத்துகிறதா? ஏரி, கோயில், ஆலமரம் என்று நாம் இனிமையாகப் படிக்கும் ஊர்க் கவிதைகளை அவர் பக்கமிருந்து ஒருமுறை படித்தால் தொண்டையில் ஏதோ சிக்கும். தோல் பதனிடும் வாசனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று டேனரிகள் நிறைந்த பகுதி இது. சென்னை ரயிலில் வரும் புதியவர் மூக்கைப் பொத்துவார். டேனரியில் வேலை பார்த்தவரின் மகனுக்கு அது அப்பாவின் சட்டை வாசனை. பன்னிரண்டு வயதில் நண்பர்கள் முன்னால் அந்தச் சட்டைக்காக வெட்கப்பட்டிருப்பான். முப்பது வயதில் அந்த வெட்கத்துக்காக வெட்கப்படுவான். தொல்காப்பியம் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் தெரியும் உணர்ச்சிகளில், இளிவரல் என்று ஒன்று உண்டு. சிறுமைப்படும்போது உடம்பு குறுகுவது. ஒரு வாசனைக்குள் அது இரண்டு தடவை வந்து போய்விட்டது.

ஓர் இடத்துக்கு ஒரே கவிதை என்பதும் கிடையாது. சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் தெருக்களில் நடந்தால் விடுதிப் பலகைகளும் சாப்பாட்டுக் கடைப் பலகைகளும் வங்காளத்திலும் இந்தியிலும் இருக்கும். கொல்கத்தா பக்கத்து வீடுகளில் 'வேலூர் போகிறோம்' என்றால் வைத்தியத்துக்குப் போகிறோம் என்று பொருள். அப்படி வந்து, மாதக்கணக்கில் அறை எடுத்து, மண்ணெண்ணெய் அடுப்பில் மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தவர் ஒரு நாள் வேலூரைப் பற்றி எழுதினால், அதில் கோட்டையும் இருக்காது, பாலாறும் இருக்காது. டோக்கன் எண் இருக்கும். அதுவும் வேலூர்க் கவிதைதான்.

இவ்வளவையும் சொல்லி முடித்ததும் என் அக்கா மகள் தயக்கத்தோடு தன் நோட்டைத் திறந்தாள். ஏற்கெனவே ஒரு கவிதை எழுதி வைத்திருக்கிறாள்.

வறண்ட பாலாறே
என் வாழ்வும் உன்னைப் போலே
கண்ணீர் மட்டுமே ஈரம்

"கடைசி வரி நல்லாத்தானே கீது?"

கடைசி வரி கேட்க நன்றாகத்தான் இருந்தது, அதுதான் சிக்கல். நான் ஒரு வேலை செய்தேன். பாலாறை அடித்துவிட்டு வைகை என்று போட்டேன். கவிதை கண்டுகொள்ளவே இல்லை. தென்பெண்ணை என்று போட்டேன். அப்போதும் அப்படியே நின்றது. ஊரின் பெயரை மாற்றினாலும் கவிதைக்கு உறைக்கவில்லை என்றால் அதில் ஊர் இல்லை, பெயர்ப்பலகைதான் இருக்கிறது. அப்புறம், மூன்று வேளை சாப்பிட்டு, இரவு பதினொரு மணி வரை போன் பார்க்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணின் வாழ்வு எப்போது வறண்டது? அதையும் கேட்டேன். சிரித்துவிட்டாள்.

"நீ பாலாத்துல நிஜமா இன்னா பாத்த, அதைச் சொல்லு."

முதலில் ஒன்றும் இல்லை என்றாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். ஆறு வயதில் அவள் அப்பாவின் வண்டியில் முன்னால் உட்கார்ந்து தினமும் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி காட்பாடிப் பள்ளிக்குப் போவாள். கீழே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். மணல், சீமைக் கருவேலம், எருமைகள். ஒரு நாள், "தண்ணியே இல்லியே, எதுக்குப்பா பாலம்?" என்று கேட்டிருக்கிறாள். அப்பா ஒரே சொல்லில் "வரும்" என்றாராம். அவளும் நம்பிவிட்டாள். பள்ளிக்கூட பஸ் வரும், சித்தப்பா வருவார் என்பதுபோல அதுவும் ஒரு தகவல்.

2021 நவம்பரில் வந்தது. பாலாறு இரு கரையும் தொட்டு ஓடிய நாட்கள் அவை. ஊரே பாலத்தில் நின்றது. அப்பா அவளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். எல்லோரும் போனை நீட்டிக்கொண்டு நிற்க, இவர் மட்டும் பிடிச்சுவரைப் பிடித்தபடி பேசாமல் நின்றாராம். "அவரு மூஞ்சியப் பாத்தேன் மாமா. அவரும் அவ்ளோ தண்ணி அதுக்கு முன்ன பாத்ததே இல்லன்னு அப்பதான் தெரிஞ்சுது. பாக்காமயேதான் வரும் வரும்னு சொல்லிகிறாரு."

நான் நோட்டை அவள் பக்கம் தள்ளினேன். ஆறு வயதில் கேட்ட 'வரும்' ஒன்று, பதினைந்து வயதில் புரிந்த 'வரும்' வேறு ஒன்று. அவ்வெண் நிலவும் இவ்வெண் நிலவும் போலத்தான். கண்ணீரை வெளியில் கடன் வாங்கி ஊற்ற வேண்டியதில்லை.

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நடுவே நாலைந்து தடவை அழித்து எழுதியிருக்கிறாள் என்பது தெரிந்தது.

இம்மாம் நீளப் பாலம்
கீழே கிரிக்கெட்
எதுக்குப்பா பாலம் என்றேன்
வரும் என்றார்

வந்தது
பிடிச்சுவரில் கை வைத்தோம்
நடுங்கியது சுவரா
அவர் கையா

முதலில் 'கை வைத்தேன்' என்றுதான் எழுதினாளாம், பிறகுதான் 'வைத்தோம்' என்று மாற்றினாளாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. 'இம்மாம்' என்ற சொல்லை ஆசிரியர் சிவப்பு மையில் சுழிப்பார் என்று எனக்குத் தோன்றியது. மாற்றச் சொல்ல மனம் வரவில்லை. வேறு ஒன்றுதான் உறுத்தியது. போன் போட்டேன்.

"எல்லாம் சரி, பாலாறுன்னு ஒரு வார்த்தைகூட இல்லியே. படிக்கிறவங்களுக்கு எந்த ஆறுன்னு எப்படித் தெரியும்?"

"இம்மாம் நீளப் பாலம், கீழ கிரிக்கெட் ஆடறாங்கன்னு போட்டுகிறனே மாமா. வேற எந்த ஆத்துல ஆடுவாங்க?"